முகத்தைத் தேடிப் பிடிக்கும் கேமரா

கைப்பேசியை யார் தூக்கிப் பிடித்தாலும் தவளை ஓடுவதை நிறுத்திவிடுவாள். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "நல்லா இருக்கேன். சாப்பிட்டேன்" என்பாள். படம் எடுக்கத்தான் தூக்கினோம் என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை கைப்பேசி என்பது அம்மா. அது மணியடித்தால் "அம்மா!" என்று கத்துவாள். மேசைமேல் சும்மா கிடந்தாலும் விரல் நீட்டி "அம்மா" என்பாள். ஒருமுறை சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனபோது, "அம்மா தூங்குது" என்று அதன்மேல் கைத்துண்டைப் போர்த்திவிட்டாள்.

அவள் அம்மா வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். குழந்தை பால்குடி மறக்கும் முன்பே போனவள். தவளையை வளர்த்தது அம்மாவின் அக்கா. பேச்சு வந்த நாளிலிருந்தே அவள் குழந்தையிடம் கைப்பேசியைக் காட்டி, "அம்மா இதுல இருக்கா. நான் பெரிம்மா" என்று நேர்மையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்படித் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்ததற்காக ஒருநாள் வருத்தப்பட நேரும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

தவளை என்ற பெயர் பெரியப்பா வைத்தது. தவழாமல், எழுந்து நிற்கவும் செய்யாமல், உட்கார்ந்தபடியே தத்தித் தத்தி அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவாள். பிறகு நடை வந்தது. நடை வந்த வாரமே ஓட்டமும் வந்தது. அதற்குப் பிறகு அவள் நடந்து யாரும் பார்க்கவில்லை.

பெரியப்பா துறைமுகத்தின் கடைசியில் இருந்த ஐஸ் ஆலையில் வேலை பார்த்தார். தெருவில் அவர் ஐஸ்காரர். மணமான புதிதில் மனைவிக்கு அவர் 'என்னங்க'. குழந்தை வந்ததிலிருந்து மனைவிக்கும் அவர் பெரியப்பா, அவருக்கும் மனைவி பெரியம்மா. தங்களுக்கென்று குழந்தை இல்லாத அந்த இரண்டு பேருக்கும், யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிட்ட பெயர்ப்பலகைபோல அந்த அழைப்புகள் நன்றாகப் பொருந்திவிட்டன.

தங்கையின் அழைப்பு வந்தது ஒரு புழுக்கமான மாலையில். குழந்தையை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டதாம். மழைக்காலம் தொடங்கும் முன் வந்து கூட்டிப்போகிறாளாம். பெரியம்மா அடுப்பில் மீன் சூப்பு வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று கரண்டியால் குத்திப் பார்த்துக்கொண்டே, "சந்தோஷம்டி. ரொம்பச் சந்தோஷம்" என்றாள். குத்திக் குத்திக் கிழங்கெல்லாம் கரைந்துபோனது. அன்று சூப்பைக் கஞ்சிபோலத்தான் குடித்தார்கள்.

"அவ புள்ளை. அவ கூட்டிட்டுப் போறா" என்றார் பெரியப்பா.

"நான் என்ன இப்ப வேணாம்னா சொன்னேன்?"

"சொல்லலை. ஆனா சூப்பு சொல்லுது."

பெரியம்மா சிரிக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து உள்ளே இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எல்லாப் படத்திலும் ஒரே குழந்தை, ஒரே விறைப்பு. காவல் நிலையத்தில் எடுத்த படம்போல இருந்தது. கைப்பேசியை மறைத்துவைத்து எடுத்த சில படங்களில் குழந்தையே இல்லை. ஏதோ ஒரு நிறம் சட்டகத்தின் ஓரத்தில் இழுபட்டுக் கிடந்தது.

"இதுல ஒண்ணுகூட நம்ம தவளை இல்லைங்க. எனக்கு ஒரே ஒரு படம் வேணும். அவ ஓடுற மாதிரி. சிரிச்சுக்கிட்டே ஓடுவாளே, அந்த மாதிரி. அது ஒண்ணு இருந்தா எனக்குப் போதும். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

இப்படித்தான் கேமரா வாங்கும் பேச்சு அந்த வீட்டுக்குள் வந்தது.

*

பழைய கேமராக்கள் விற்கும் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே தேடிக்கொண்டிருக்கும் ஆள். பெரியப்பா வேலை உடுப்போடு போயிருந்தார். பெரியம்மா இடுப்பில் தவளையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள்.

"இதுவரைக்கும் கேமரா புடிச்சுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஐஸ்தான் புடிச்சுப் பழக்கம்" என்றார் பெரியப்பா.

"யாரைப் படம் எடுக்கணும்?"

பெரியம்மா இடுப்பிலிருந்ததைக் காட்டினாள். அது அதற்குள் கடைக்காரரின் மேசைமேலிருந்த மூடி ஒன்றை எடுத்து வாயில் வைத்திருந்தது.

"அடடே. அப்ப கஷ்டந்தான். மலை, மரம், கல்யாணப் பொண்ணுன்னா எதை வேணா குடுத்துடுவேன். அதுங்க நிக்கும். சின்னப் புள்ளைங்கதான் உலகத்துலயே கஷ்டமான சமாச்சாரம்."

முதலில் ஒரு பெரிய கறுப்புக் கேமராவை எடுத்து வைத்தார். பெரியப்பா தூக்கிப் பார்த்தார். பொத்தானை அழுத்தியதும் உள்ளே எதுவோ டப்பென்று எழும்பி விழுந்தது. தவளை திரும்பிப் பார்த்து, கைகளைத் தொடையில் ஒட்டிக்கொள்ளப் போனாள்.

"வேணாங்க. சத்தம் கேட்டா இவ சிப்பாய் ஆயிடுவா" என்றாள் பெரியம்மா.

அடுத்து மூக்கு நீண்ட ஒன்று. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக்காட்டும். "பகல்ல வெளியில நல்லா எடுக்கும். வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மியா இருந்தா திணறும். புள்ளை ஓடினா இழுத்துக்கும். உங்க வீட்ல எத்தனை ஜன்னல்?"

"ஒண்ணு. அதுக்கு எதிர்ல சுவரு" என்றார் பெரியப்பா.

கடைக்காரர் அதை உள்ளே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணாடியைத் தேடி, நெற்றியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, அடித்தட்டிலிருந்து சிறிய ஒன்றை எடுத்தார். சோப்புப் பெட்டி அளவு. முன்னால் ஒரு அகன்ற கண்.

"இது கிட்ட இழுக்காது, தூரத் தள்ளாது. கிட்டப் போகணும்னா நீங்கதான் நடந்து போகணும். ஆனா மங்கின வெளிச்சத்துலயும் வேகமா எடுக்கும். சத்தம் வராது. அதவிட முக்கியம், இது முகத்தைத் தேடும். கூட்டத்துல எங்க இருந்தாலும் ஒரு முகம் கண்ணுல பட்டா, அதைக் கப்புன்னு புடிச்சுக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பொத்தானை அழுத்தினாப் போதும்."

நம்பிக்கையில்லாமல் பார்த்த பெரியப்பாவைக் கடைக்காரர் சந்துக்கு அழைத்துப்போனார். தன்னுடைய பழைய மெமரி கார்டு ஒன்றை அதற்குள் செருகினார். பெரியம்மாவைச் சந்தின் அந்தக் கடைசியில் போய் உட்காரச் சொன்னார். தவளையைத் தரையில் விட்டார்கள். பெரியம்மா குத்துக்காலிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். தவளை ஓடினாள். கடைக்காரர் பின்னாலிருந்து ஒரு தடவை அழுத்தினார். பிறகு அவர் நாக்கை மடக்கி ஏதோ ஒரு சத்தம் எழுப்ப, அவள் அப்படியே திரும்பி அவரை நோக்கி ஓடிவந்தாள். இன்னொரு தடவை அழுத்தினார்.

அந்த இரண்டாவது படத்தை மூன்று பேரும் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். தவளையின் இரண்டு கால்களும் தரையில் இல்லை. வாய் முழுக்கத் திறந்திருந்தது. கீழ்வரிசையில் பாதி முளைத்த பல்கூடத் தெரிந்தது.

"இதேதான்" என்றாள் பெரியம்மா.

"இப்ப அழிக்கறது எப்படின்னு காட்டறேன் பாருங்க" என்றார் கடைக்காரர். "இந்தக் குப்பைத்தொட்டி போட்டிருக்கு பாருங்க, இதை அழுத்தணும். போச்சு. அவ்ளோதான். இது பிலிமு காலம் இல்லை. எடுங்க, அழிங்க, எடுங்க, அழிங்க. காசா பணமா? அப்படித்தான் கை படியும்."

படம் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இனி எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற தெம்பில் விலை பேசி முடித்தார்கள். கடைக்காரர் தன்னுடைய கார்டை உருவிக்கொண்டு புதிய ஒன்றைப் போட்டுக்கொடுத்தார்.

வெளியே வந்து படியிறங்கும்போது அவர் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, துறைமுகத்துப் பக்கமா இருக்கீங்க. பாத்து வைங்க. புழுக்கமும் ஈரமும் சேர்ந்தா லென்ஸுக்குள்ள பூசணம் புடிச்சிடும். பூசணம் புடிச்சா அதுக்கு மருந்து கிடையாது."

*

பெரியப்பாவுக்குப் பூசணத்தைப் பற்றித் தெரியும். அது வெக்கையில் வளரும். குளிரில் வளராது. அவர் வாழ்நாளில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றில் இதைப்போல உறுதியானது வேறெதுவும் இல்லை.

ஆலையில் தகர டின்களில் தண்ணீர் நிரப்பி உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். இறுகியதும் சங்கிலியால் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால், ஆள் உயரப் பாளம் பெருமூச்சு விட்டதுபோல வழுக்கி வெளியே வரும். அதைக் கொக்கிபோட்டு இழுத்துக் குளிரறைக்குள் அடுக்குவது பெரியப்பாவின் வேலை. குளிரறைக்கு முன்னால் ஒரு சின்ன முன்னறை. அங்கே ஒரு மரத்தட்டு. அந்தத் தெருவில் குளிர்பெட்டி வைத்திருந்த வீடுகள் குறைவு. எனவே தெருவின் பாதி அந்தத் தட்டில் இருந்தது. சர்க்கரை நோயாளி ஒருவரின் ஊசி மருந்து, ரொட்டிக்கடையின் வெண்ணெய், கல்யாணப் பெண் கையில் பிடிக்கப்போகும் பூங்கொத்து. ஒருமுறை ஒரு வீட்டில் வளர்த்த பூனை செத்தபோது, பள்ளியிலிருந்து பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் புதைக்கட்டும் என்று அதைக்கூட அரைநாள் அங்கே வைத்திருந்தார்கள். எதுவும் கெட்டதில்லை. எதுவும் பூத்ததில்லை. "கெடக்கூடாதுன்னா ஐஸ்காரர்கிட்ட குடு" என்பதுதான் தெருவின் பேச்சு.

வீட்டில் வைத்தால் தவளை எட்டி எடுத்துவிடுவாள். சுவரெல்லாம் வியர்க்கும் வீடு வேறு. பெரியப்பா கேமராவை ஒரு துணியில் சுற்றி, ரொட்டிக்கடை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தார். மாலையில் வேலை முடிந்ததும் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். காலையில் மறுபடி தட்டுக்கு.

"என்ன ஐஸு, உன் ஒத்தைக் கண்ணு நல்லாத் தூங்குதா?" என்பார் மெஷின்காரர். கம்ப்ரெசரைப் பார்த்துக்கொள்ளும் அவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. குளிரறைக்குள் போய் அளவுமானியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கண்ணாடி இரண்டும் வெள்ளையாகிவிடும். குருடர்போல வாசலில் நின்று சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு, "எனக்குக் குடுக்கற சம்பளத்துல பாதி இதைத் துடைக்கறதுக்கே போகுதுய்யா" என்று சலித்துக்கொள்வார். பெரியப்பா இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். ஆயிரம் தடவையும் சிரித்திருக்கிறார். அவருக்குக் கண்ணாடி கிடையாது.

மாலைகளில் பயிற்சி நடந்தது. பெரியம்மா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே பந்தை உருட்டிவிடுவாள். தவளை பந்தை விட்டுவிட்டு அதன் நிழலைத் துரத்துவாள். பெரியப்பா தரையில் படுத்துக்கொண்டு அழுத்துவார். கேமரா சொன்ன சொல் தவறவில்லை. திரையில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் எங்கிருந்தோ வந்து தவளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் போகும் இடமெல்லாம் கூடவே ஓடியது.

"இது நல்லா விழுந்திருக்கு" என்று காட்டுவார்.

"மூக்கு ஒழுகுது பாருங்க. அழிங்க."

"இது?"

"வாய் ஓரத்துல முட்டை. நாளைக்கு இதைப் பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? வாயத் துடைச்சுவிடக்கூட ஆள் இல்லாம வளந்துச்சுன்னுதானே? அழிங்க அழிங்க. தங்கச்சி வரட்டும். புதுக் கவுன் போட்டு, தலையச் சீவி, அலைத்தடுப்புல காத்தாட ஓடவிட்டு எடுப்போம். அதான் படம்."

பெரியப்பாவுக்கும் அது சரியென்றே பட்டது. ஆலையிலும் நேற்றைய ஐஸ் முழுவதும் படகுக்குப் போனபிறகுதான் இன்றையதை அடுக்குவார்கள். பழையதும் புதியதும் கலந்தால் இரண்டும் உருகும். ஒவ்வொரு நாளும் தூங்கப்போகுமுன் குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படுத்தார். அறையைக் கழுவிவிட்டதுபோல ஒரு நிம்மதி.

சில நாட்கள் கழித்து, முதலில் எடுக்கும் இரண்டு மூன்று படங்கள் வெளுத்துத் தெரிந்தன. துணியால் துடைத்து, தேநீர் குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிட்டது. "கடல் காத்து வேலையைக் காட்டுது" என்றார் பெரியப்பா. மறுநாளிலிருந்து கேமராவை முன்னறைத் தட்டில் வைக்காமல், கனத்த கதவைத் திறந்து குளிரறைக்கு உள்ளேயே, பாளங்களுக்கு நடுவில் வைத்தார். அப்போதும் முதல் படங்கள் வெளுத்தன. இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

*

தங்கை வந்தாள். நீண்ட பயணத்தில் முகம் வீங்கியிருந்தது. முதியவர்களைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி விரல்கள் வெடித்திருந்தன. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு முழந்தாளிட்டுக் கைகளை விரித்தாள். தவளை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போய் மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்துவந்து நீட்டினாள்.

"இது அம்மா" என்று விருந்தாளிக்கு அறிமுகம் செய்துவைத்தாள்.

தங்கை சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். பிறகு, "மூஞ்சி கழுவிட்டு வரேன்க்கா" என்று பின்கட்டுக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் கேமராவை யாரும் நினைக்கவில்லை. ஒற்றை அறையில் ஒரு ஆள் கூடுதலாகிவிட்டது. பெரியம்மா தங்கைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாலில் ரொட்டியை முக்கிக் கொடுத்தால் சாப்பிடுவாள், முக்கி நாழியாகிவிட்டால் துப்பிவிடுவாள். தூங்கும்போது காது மடலைப் பிடித்துக்கொள்வாள். "அவளோட காதையில்ல, பக்கத்துல படுத்திருக்கற நம்ம காதை."

"எழுதி வெச்சுக்கட்டுமாக்கா?"

"எழுதறதுக்கு என்னடி இருக்கு? காதைக் காட்டுனாப் போதும்."

கிளம்பும் நாள் காலை வெயில் நன்றாக இருந்தது. நண்பகலுக்குப் பேருந்து. அது துறைமுக வாசலிலிருந்தே புறப்படும். பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எல்லோரும் அலைத்தடுப்புக்குப் போனார்கள். தவளைக்கு மஞ்சள் கவுன். தலை வழித்து வாரி, மூக்கு துடைத்து, எங்கேயும் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் நின்றாள். பெரியப்பா ஓட்டமும் நடையுமாக ஆலைக்குப் போய், குளிரறைக் கதவைத் திறந்து, பாளங்களுக்கு நடுவிலிருந்து கேமராவை எடுத்துவந்தார். அது கையைச் சுட்டது, அவ்வளவு குளிர்.

துணியை விலக்கியதும் கேமராவின் உடம்பெல்லாம் வியர்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்ற கண் வெள்ளையானது. பெரியப்பா சட்டையால் துடைத்தார். துடைத்த இடம் தெளிந்து உடனே மறுபடி வெளுத்தது. பெரியம்மா தன் கைத்துண்டால் துடைத்தாள். கண்ணின் வெளிப்பக்கம் தெளிந்தது. உள்ளே வெள்ளையாகவே இருந்தது.

"என்னங்க இது?"

"இரு, சரியாயிடும். எப்பவும் சரியாயிடும்."

அப்போது கடற்பறவை ஒன்று தவளைக்கு முன்னால் வந்து இறங்கியது. தவளை ஓடினாள். கைகளை விரித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். தடுப்பின் அந்தக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி ஓடிவந்தாள். காற்று கவுனைப் பலூன்போல ஊதியிருந்தது. வளர்ந்த காலம் முழுவதும் அவள் அப்படி ஓடியதில்லை.

"எடுங்க! எடுங்க எடுங்க!" என்று பெரியம்மா கத்தினாள்.

பெரியப்பா அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். திரையில் பால் மட்டும் தெரிந்தது. மஞ்சள் கட்டம் வந்தது. எதையும் காணாமல் மூலைக்கு மூலை தடுமாறிவிட்டு அணைந்துபோனது.

ஆலையின் கதவைத் தள்ளிக்கொண்டு மெஷின்காரர் வழியனுப்ப வந்தார். குளிரறையிலிருந்து நேராக வந்திருக்கிறார் போல. வாசலில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். "ஒரு நிமிஷம் இருங்கப்பா, ஒண்ணும் தெரியலை எனக்கு."

பெரியப்பா அவரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த வெள்ளைக் கண்ணாடிகளைப் பார்த்தார். தன் கையிலிருந்ததைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மெஷின்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஐஸு... அதை எங்கய்யா வெச்சிருந்தே?"

பெரியப்பா சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து, கேமராவை வெறும் வயிற்றோடு அணைத்து, அதன்மேல் சட்டையை மூடிக்கொண்டு குனிந்து நின்றார். கோழி அடைகாப்பதுபோல. உடம்புச் சூட்டில் தெளிந்துவிடும். கொஞ்ச நேரம் போதும். துறைமுக வாசலில் பேருந்து ஹாரன் அடித்தது.

தவளை மூச்சுவாங்க வந்து நின்றாள். "பெரிப்பா வயித்துல என்ன?"

"ஒண்ணுமில்லடா. ஓடு. இன்னொரு தடவை ஓடு."

"விடுங்க மாமா, இதுல எடுத்துக்கலாம்" என்று தங்கை தன் கைப்பேசியை எடுத்தாள். விலை கூடிய புது கைப்பேசி.

தவளை நின்றாள். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டாள். "நல்லா இருக்கேன்" என்றாள். "சாப்பிட்டேன்."

பேருந்தில் ஏற்றியபோது அவள் அழவில்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "பெரிம்மா வா" என்றாள். பேருந்து நகர்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் எப்போது அழுதிருப்பாள், முதல் திருப்பத்திலா, ஊர் எல்லையிலா என்று பெரியம்மா பிறகு பல நாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

*

பெரியம்மா இறால் உரிக்கும் கொட்டகைக்குத் திரும்பவும் வேலைக்குப் போனாள். குழந்தை வருவதற்கு முன் அங்கேதான் இருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறிய இறாலைத் தலை கிள்ளி, ஓடு கழற்றி, முதுகு நரம்பை உருவிப் போடவேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தன்னுடையவையாக இருக்காது. "வந்துட்டியா? உன் இடத்துல யாரையும் உக்கார வைக்கலை, பாத்தியா" என்றாள் மேற்பார்வைக்காரி அன்போடு. அந்தக் கொட்டகையில் கொட்டப்படுவது தன் கணவர் இழுத்து அடுக்கிய ஐஸ்தான் என்பது முன்பும் அவளுக்குத் தெரியும். இப்போது அதைத் தொடும்போதெல்லாம் கையை ஒருகணம் பின்னிழுத்தாள். வீட்டில் அவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அழிங்க, அழிங்க என்று சொன்ன வாய் அவளுடையது.

ஒரு விடுமுறை நாளில் கேமராவை எடுத்துக்கொண்டு சந்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, லென்ஸுக்குள் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார். உள்ளே சிலந்தி நூல்போல எதுவோ கிளைவிட்டுப் படர்ந்திருந்தது.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"குளிர்லதான் வெச்சிருந்தேன். குளிர்ல பூசணம் வராதே" என்றார் பெரியப்பா.

"குளிர்ல வெச்சதுகூடத் தப்பில்லைண்ணே" என்றார் கடைக்காரர் மெதுவாக. "உள்ளயே விட்டிருந்தா நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆயிருக்காது. தினம் வெளியில எடுத்தீங்க பாருங்க, அதான். எடுக்க எடுக்க உள்ள வேர்த்து வேர்த்து நின்னிருக்கு."

கடைசி நாளின் படங்களைத் தன் கணினித் திரையில் போட்டுப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை. சிலவற்றில் நடுவே லேசான மஞ்சள் கறை. பெரியம்மா ஒவ்வொன்றிலும் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். கடைக்காரர் அதற்குமேல் தள்ளுவதை நிறுத்திவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டவர்போல இழுப்பறையைத் திறந்து கிளறினார்.

"அன்னிக்கு என்னோட கார்டுல ரெண்டு எடுத்தோமே. ஒண்ணைத்தான் அழிச்சேன்."

பெரியப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா எழுந்தே நின்றுவிட்டாள். கார்டில் யார் யாருடைய பிள்ளைகளோ ஓடிக்கொண்டிருந்தார்கள். நாய்கள், சைக்கிள்கள், அதே சந்து. கடைக்காரர் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

படத்தின் முன்பகுதியில், பெரிதாக, கலங்கலாக, ஒரு குழந்தையின் பின்னந்தலை. ஒரு காது. தூக்கிய கையின் ஒரு தீற்றல். அவ்வளவுதான் தவளை. அவளைத் தாண்டி, சந்தின் அந்தக் கோடியில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் பெரியம்மா. ஒவ்வொரு தலைமயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு கைகளும் விரிந்திருந்தன. சிரிப்பில் கண்கள் பாதி மூடியிருந்தன. யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய் திறந்தபடி நின்றிருந்தது.

"முகத்தைப் புடிச்சிருச்சு. அவ்ளோ தூரத்துலயும் பாருங்களேன்" என்றார் கடைக்காரர். தன் கேமராவைப் பற்றிய பெருமை ஒரு கணம் குரலில் வந்து, உடனே வெட்கப்பட்டுப் போய்விட்டது. "பிரிண்ட் போட்டுத் தரட்டுமா? காசு வேணாம்."

"போடுங்க" என்றார் பெரியப்பா.

"வேணாம்" என்றாள் பெரியம்மா. திரையிலிருந்தவளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கேமராவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிழலில்லை. பெரியம்மாவின் பையிலிருந்து கைப்பேசி மணியடித்தது. இரண்டு பேரும் பழக்கத்தில் தரையைப் பார்த்தார்கள், யாரோ கத்திக்கொண்டு ஓடிவரப்போவதுபோல.

தங்கையின் முகம் வந்தது. பின்னால் வெள்ளைச் சுவர். "அக்கா, ஒரு வேடிக்கை கேளு. இப்பல்லாம் போன் அடிச்சா இவ என்ன சொல்றா தெரியுமா? 'பெரிம்மா'ங்கறா. சும்மா மேசைமேல கிடந்தாலும் அதைக் காட்டி பெரிம்மா, பெரிம்மாங்கறா. நேத்து சார்ஜ் இல்லாம அணைஞ்சுபோச்சு. பெரிம்மா தூங்குதுன்னு துணி போத்திவிட்டுட்டா."

பெரியம்மா சிரிக்க முயன்றாள். "அப்படியா சொல்றா?" என்றாள்.

"இருக்கா. குடுக்கறேன் இரு."

திரை ஆடி நின்றது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். கழுத்துவரை மூடிய கனத்த சட்டை. அவள் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றாள்.

"நல்லா இருக்கேன்" என்றாள். "சாப்பிட்டேன்."

பெரியப்பா தோளுக்கு மேலிருந்து எட்டிக் குனிந்தார். "ஓடச் சொல்லும்மா. கொஞ்சம் ஓடிக் காட்டச் சொல்லேன்."

"இங்க எங்க மாமா ஓடறது?" என்றாள் தங்கை, திரைக்கு வெளியேயிருந்து. "கீழ்வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்க. இப்பல்லாம் நடந்துதான் போறா."

பெரியம்மா பையைக் கீழே வைத்தாள். கலைந்திருந்த தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். நிமிர்ந்து நின்று, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நாங்களும் நல்லா இருக்கோம்" என்றாள். "சாப்பிட்டோம்."